வெள்ளையடிக்கும் முன் சுவரைப் பாருங்கள்

வீடு திருத்தும் விஷயத்தில் நம்மவருள் இரு திறத்தாரைக் காணலாம். ஒரு திறத்தார், கூரையில் ஓர் ஓடு நகர்ந்தாலும், கதவின் பிணைச்சல் ஒன்று கழன்றாலும், "மேசன் வரட்டும், ஓடாவி வரட்டும்" என்று காத்திருப்பர். மேசனும் ஓடாவியும் வருமுன் மாரி வந்துவிடும். மற்றத் திறத்தார், ஞாயிற்றுக்கிழமை காலையில் தேநீர் அருந்தியதும் சுத்தியலைத் தூக்கிக்கொண்டு எதையாவது உடைக்கத் தொடங்குவர். மாலையில் உடைத்தது உடைத்தபடியே கிடக்க, வீட்டார் அதைச் சுற்றி நடந்து திரிவர். முன்னவர் வீடு மெல்ல அழிகிறது. பின்னவர் வீடு விரைவாக அழிகிறது. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட வழி ஒன்று உண்டு. அவ்வழியை இவ்வாரம் நேயர்களுடன் சேர்ந்து ஆராய விரும்புகிறோம்.

நம் பெரியோர் காலத்தில் வீட்டைப் பேணுதல் ஆண்டுக்கொருமுறை தவறாது நிகழும் கருமமாயிருந்தது. வேலி அடைத்தல், கிடுகு மாற்றுதல், ஓடு சரிபார்த்தல், பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் வெள்ளையடித்தல் என ஒவ்வொன்றுக்கும் ஒரு காலம் இருந்தது. பிள்ளைகள் அருகிலிருந்து பார்த்துப் பார்த்தே பழகிக்கொண்டனர். பின்னர் வந்த நீண்ட போர், வடக்கிலும் கிழக்கிலும் எத்தனையோ குடும்பங்களை வீட்டினின்றும் பிரித்தது. முகாமிலும் உறவினர் வீட்டிலும் வாடகை அறையிலும் வளர்ந்த பிள்ளைகள், 2009ஆம் ஆண்டின் பின் தம் பெற்றோரின் காணிக்கு மீண்டபோது, அவர்களுக்கு வீடு கிடைத்தது. வீட்டைப் பேணும் பழக்கம் கூடவே கிடைக்கவில்லை. அப்பழக்கம் ஒரு தலைமுறை அறுந்துபோனால் அடுத்த தலைமுறைக்கு அதைச் சொல்லிக்கொடுக்க ஆளில்லாமற் போகும். ஆதலின் இதனைச் சில ரூபாய் மீதம்பிடிக்கும் விஷயமாக மாத்திரம் கொள்ளுதல் தகாது.

காரணத்தைக் காணாமற் கருமத்தைத் தொடங்காதீர்

ஓர் உதாரணம் கொள்வோம். வடபகுதியில் உள்ள பழைய கல்வீடொன்றின் உட்சுவரில் ஈரக் கறை படர்ந்திருக்கிறது. பூச்சு உப்பிப் பொருக்குப் பொருக்காக உதிர்கிறது. வீட்டுத் தலைவர் கடைக்குச் சென்று ஒரு வாளி தீந்தை வாங்கி வந்து பூசிவிடுகிறார். ஒரு மாதம் சுவர் பளபளக்கிறது. அடுத்த மாரியில் கறை மீண்டும் வெளிவருகிறது. புதுத் தீந்தையும் தோலைப்போல உரிந்து தொங்குகிறது. "தீந்தை சரியில்லை" என்று கடைக்காரர் மீது பழி போடுகிறார். தீந்தை என்ன செய்யும்? நோய் சுவருக்குள் இருக்க, மருந்து சுவரின் மேல் பூசப்பட்டது.

ஈரம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கறை இருக்கும் இடமே பெரும்பாலும் சொல்லிவிடும். சுவரின் மேற்பகுதியில், கூரையை ஒட்டிக் கறை தோன்றினால் ஓட்டையோ பீலியையோ சந்தேகிக்க வேண்டும். நிலத்திலிருந்து இரண்டு மூன்று அடி உயரம் வரை கறை ஏறி, அதற்குமேல் சுவர் உலர்ந்திருந்தால் அத்திவாரத்தின் வழியாக நில ஈரம் ஏறுகின்றது என்பது பொருள். குளியலறைக்கோ குசினிக்கோ அருகில் மழையற்ற காலத்திலும் ஓரிடம் மாத்திரம் நனைந்திருந்தால் சுவருக்குள் ஓடும் தண்ணீர்க் குழாயைக் கவனிக்க வேண்டும்.

சந்தேகம் தீராதவர்களுக்கு எளியதொரு சோதனை உண்டு. ஒரு சதுர அடி பொலித்தீன் தாளை எடுத்துச் சுவரில் நான்கு பக்கமும் காற்றுப் புகாதபடி ஒட்டிவிடுங்கள். இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். தாளுக்கும் சுவருக்கும் இடையில் நீர்த்துளி கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. தாளின் வெளிப்புறத்தில் துளி படிந்திருந்தால் அறைக் காற்றின் ஈரமே காரணம். யன்னலைத் திறந்து காற்றோட்டம் செய்தாலே பெரும்பகுதி தீர்ந்துவிடும். ஒரு துண்டுப் பொலித்தீனும் இரண்டு நாட் பொறுமையும் ஒரு வாளி தீந்தையை மீதப்படுத்துகின்றன.

சுவரில் வெண்ணிறத் தூள் பூத்திருப்பதைச் சிலர் பூஞ்சணம் என எண்ணித் தண்ணீர் ஊற்றிக் கழுவுவர். அது பெரும்பாலும் உப்பு. நில ஈரத்துடன் கரைந்து ஏறிய உப்பு, சுவரின் முகத்தில் தண்ணீர் ஆவியானதும் அங்கேயே தங்கிவிடுகிறது. அதனைத் தண்ணீரால் கழுவினால் உப்பு மறுபடி கரைந்து சுவருக்குள் செல்லும். உலர்ந்த தூரிகையால் தேய்த்து உதிர்த்து, உதிர்ந்ததைக் கூட்டி அப்புறப்படுத்துவதே முறை.

சுண்ணாம்புச் சுவரும் சீமெந்துப் பூச்சும்

இங்கே மாணவர்களுக்கும் பயன்படக்கூடிய ஒரு செய்தியைச் சொல்லுதல் தகும். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் அமைந்த நிலம். அந்தக் கல்லை ஏறத்தாழ 900 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுட்டால் காபனீரொட்சைட்டு வாயு வெளியேறிச் சுட்ட சுண்ணாம்பு எஞ்சும். அதில் தண்ணீர் சேர்ந்ததும் கொதித்துப் பொங்கி நீற்றுச் சுண்ணாம்பாகும். நீற்றுச் சுண்ணாம்பைச் சுவரிற் பூசினால், அது காற்றிலுள்ள காபனீரொட்சைட்டைச் சிறிது சிறிதாக உட்கொண்டு மறுபடியும் கல்லாகிவிடுகிறது. கல்லாகப் புறப்பட்ட பொருள் கல்லாகவே வந்து சேர்கிறது. நம் முன்னோர் முருகைக்கல்லையும் சுண்ணாம்புச் சாந்தையும் கொண்டு கட்டிய வீடுகள் நெடுங்காலம் நிலைத்தமைக்கு இதுவும் ஒரு காரணம்.

அதே சுண்ணக்கல்லே சீமெந்துக்கும் மூலப்பொருள். காங்கேசன்துறையில் 1950ஆம் ஆண்டில் உற்பத்தியைத் தொடங்கிய சீமெந்துத் தொழிற்சாலை, போர் காரணமாக 1990ஆம் ஆண்டில் மூடப்படும் வரை அக்கல்லைக் கொண்டே இயங்கியது. ஆனால் ஒரே கல்லிற் பிறந்தாலும் சுண்ணாம்பும் சீமெந்தும் குணத்தில் வேறானவை. சுண்ணாம்புப் பூச்சு நுண்ணிய துளைகள் வழியே ஈரத்தை வெளிவிடும். சீமெந்துப் பூச்சு இறுகியது. ஈரத்தை எளிதில் வெளிவிடாது. ஈரம் ஏறும் பழைய சுண்ணாம்புச் சுவருக்கு மேல் "உறுதியாக இருக்கட்டும்" என்று சீமெந்தைப் பூசினால், வெளியேற வழியற்ற ஈரம் உள்ளேயே தங்கி இன்னும் உயரத்துக்கு ஏறும். சில ஆண்டுகளில் பூச்சு பாளம் பாளமாகக் கழன்று விழும். பழைய வீட்டைத் திருத்துவோர், சுவர் எதனால் கட்டப்பட்டது என்பதை முதலில் அறிந்துகொள்ளல் வேண்டும்.

கணக்கின்றிக் கடைக்குப் போகாதீர்

அடுத்து வருவது கணக்கு. இதனை வீட்டிலுள்ள பள்ளி மாணவரிடம் ஒப்படையுங்கள். 12 அடி நீளமும் 10 அடி அகலமும் 10 அடி உயரமும் உள்ள ஓர் அறையைக் கொள்வோம். நான்கு சுவர்களின் பரப்பு 440 சதுர அடி. 7 அடிக்கு 3 அடியான ஒரு கதவும், 4 அடிக்கு 3 அடியான இரண்டு யன்னல்களும் சேர்ந்து 45 சதுர அடி. அதைக் கழித்தால் மிஞ்சுவது 395. இருமுறை பூசுவதற்கு 790 சதுர அடி. ஒரு லீற்றர் தீந்தை எத்தனை சதுர அடி பிடிக்கும் என்பது வாளியின் மேல் எழுதப்பட்டிருக்கும். அது 110 என்றால், 7 லீற்றருக்குச் சற்று மேல் தேவை. எட்டு லீற்றர் வாங்கினால் போதும். சுவர் சொரசொரப்பாயின் இன்னும் ஒரு லீற்றர் கூடலாம். பாடசாலையிற் படித்த பரப்பளவுக் கணக்கு பரீட்சைத்தாளுக்கு வெளியேயும் உயிர் வாழ்கிறது என்பதை அப்பிள்ளை அன்று அறிந்துகொள்ளும்.

பணத்தைக் கணக்கிடுவது போலவே நாளையும் கணக்கிடல் வேண்டும். இரண்டு நாளில் முடியும் என்று தோன்றும் வேலைக்கு நான்கு நாள் வைத்துக்கொள்ளுங்கள். தளபாடங்களை அகற்றுதல், சுவரைச் சுரண்டுதல், துளைகளை அடைத்தல், அவை உலரும் வரை காத்திருத்தல் ஆகியவை பூசும் நேரத்தைவிட அதிக நேரம் கொள்ளும். பிள்ளைகளுக்குப் பரீட்சை நெருங்கும் காலத்திலும், கர்ப்பிணிப் பெண்ணோ கைக்குழந்தையோ உள்ள அறையிலும் தூசி கிளப்பும் வேலையைத் தொடங்காதிருத்தல் நன்று. ஓர் அறையை முற்றாக முடித்த பின்னரே மற்ற அறையின் கதவைத் திறவுங்கள். வீடு முழுவதையும் ஒரே நாளிற் கலைத்துவிட்டால் குடும்பத்தின் மனமும் உடன் கலைந்துவிடும்.

காலத்தைத் தெரிந்தெடுத்தலும் முக்கியம். வடக்கு, கிழக்குப் பகுதிகளில் ஆண்டு மழையின் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரை பெய்துவிடும். ஆகவே ஆடி, ஆவணி மாதங்களே கூரைக்கும் வெளிச்சுவருக்கும் உகந்தவை. கொழும்பிலும் தென்மேற்கிலும் வாழ்வோர்க்கு வைகாசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்குமுன், தை, மாசி மாதங்களே ஏற்றவை.

கையாளும் முறை

கருவிகள் பல வேண்டியதில்லை. சுத்தியல், வாள், குறடு, திருப்புளி இரண்டு, அளவுநாடா, நீர்மட்டம், சாந்தகப்பை, சுரண்டும் தகடு, நல்ல தூரிகை இரண்டு, உறுதியான ஏணி ஒன்று ஆகியவை ஒரு குடும்பத்துக்குப் போதும். மலிவென்று மயிர் உதிரும் தூரிகையை வாங்கினால், பூசும் நேரத்தில் பாதி சுவரிலிருந்து மயிர் பொறுக்குவதிற் கழியும். வேலை முடிந்ததும் கருவியைக் கழுவித் துடைத்து, அதற்குரிய இடத்தில் வைக்கும் பழக்கத்தைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே பழக்குங்கள்.

வெள்ளையடிக்க விரும்புவோர்க்குச் சில குறிப்புகள். சுட்ட சுண்ணாம்பைத் தண்ணீரில் இடவேண்டுமேயன்றிச் சுண்ணாம்பின் மேல் தண்ணீரை ஊற்றலாகாது. அது கொதித்துத் தெறிக்கும். கண்ணிற் பட்டால் பார்வையே போய்விடக்கூடும். பிளாத்திக்கு வாளி உருகும். உலோகப் பாத்திரமே வேண்டும். கண்ணுக்குக் கண்ணாடியும் கைக்கு உறையும் அணிந்து, சிறுவரைத் தூர நிறுத்திவிட்டுச் செய்யுங்கள். தப்பித் தவறிக் கண்ணிற் பட்டால் உடனே ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் விடாது கழுவி, வைத்தியசாலைக்கு விரைதல் வேண்டும். நீறிய சுண்ணாம்பை ஒரு நாளாவது ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, கிலோவுக்கு ஏறத்தாழ ஐந்து லீற்றர் தண்ணீர் என்ற அளவில் பால்போலக் கரைத்துக்கொள்ளுங்கள். சுவரைச் சற்று நனைத்துவிட்டு மெல்லிதாகப் பூசுங்கள். பூசும்போது சுவர் வெளுக்கவில்லையே என்று எண்ணித் தடிப்பாக அப்பாதீர்கள். உலர உலரத்தான் வெண்மை தோன்றும். ஒரு நாளைக்கு ஒரு பூச்சாக மூன்று பூச்சுப் பூசினால் அழகாயிருக்கும். முன்னர் நெகிழித் தீந்தை பூசிய சுவரில் சுண்ணாம்பு ஒட்டாது என்பதையும் நினைவிற் கொள்க.

வெடிப்பை அடைக்கச் சீமெந்து குழைப்போர், ஒரு பங்கு சீமெந்துக்கு நான்கு பங்கு சலித்த மணல் என்ற அளவில், ஒரு மணி நேரத்துக்குள் பூசி முடிக்கக்கூடிய அளவே குழைத்தல் வேண்டும். இறுகத் தொடங்கிய கலவையில் மீண்டும் தண்ணீர் விட்டுக் குழைத்தால் அதன் வலிமை கெட்டுவிடும். பூசிய இடத்தை ஏழு நாட்களுக்குக் குறையாமல் நனைத்து வர வேண்டும். சீமெந்து காய்ந்து இறுகுவதில்லை; தண்ணீருடன் கூடி இறுகுகிறது. பூசிவிட்டு வெயிலில் விட்டவரின் பூச்சில் மயிர்போன்ற வெடிப்புகள் தோன்றுவதன் இரகசியம் இதுதான்.

கூரைப் பீலியை மறவாதீர்கள். சருகு அடைத்துத் தண்ணீர் தேங்கினால் அது சுவரை நனைப்பதோடு, டெங்கு நுளம்புக்கும் தொட்டிலாகிறது. முட்டை நுளம்பாவதற்கு ஏழு முதல் பத்து நாட்களே போதுமாதலால், மழைக் காலத்தில் கிழமைக்கொரு முறை பீலியைப் பார்த்தல் அவசியம்.

நாம் தொடக்கூடாதவை

எந்த வேலையைச் செய்வது என்று தெரிந்திருப்பதைவிட எந்த வேலையை விடுவது என்று தெரிந்திருப்பது பெரிது. மின்கம்பி வேலையை ஒருபோதும் சுயமாகச் செய்யாதீர்கள். நம் வீடுகளுக்கு வருவது 230 வோல்ற்று மின்சாரம். ஈரக் கையும் ஈரச் சுவரும் அதற்குத் துணைபோகும். சுவரில் ஆணி அறையுமுன், அதன் பின்னால் கம்பியோ குழாயோ ஓடவில்லை என்பதை உறுதிசெய்யுங்கள். வீட்டிலுள்ள ட்ரிப் சுவிட்ச் சரியாக இயங்குகிறதா என்பதை அதிலுள்ள சோதனைப் பொத்தானை அழுத்தி இடையிடையே பார்த்துக்கொள்வது மாத்திரமே நமக்குரிய வேலை.

உயர்ந்த கூரையில் ஏறுவதும் அவ்வாறே. ஏணியில் ஏறவேண்டியிருப்பின், அது சாய்ந்திருக்கும் உயரத்தின் நான்கில் ஒரு பங்கு தூரத்துக்கு அதன் அடியை வெளியே வையுங்கள். கீழே ஒருவர் பிடித்திருக்கட்டும். பழைய ஓடு உடலின் பாரத்தைத் தாங்கும் என்று நம்பி அதன்மேல் கால் வைக்கலாகாது. கூரையின் பாரத்தைத் தாங்கும் சுவரில் புதிய வாயில் வெட்டுவதும் நமக்குரியதன்று.

அஸ்பெஸ்டஸ் தகட்டை வாளால் அறுப்பதையும், உலர்ந்த நிலையில் தேய்ப்பதையும் அறவே தவிருங்கள். அதன் நுண்ணிழை நுரையீரலிற் படிந்தால் பல ஆண்டுகளுக்குப் பின்னரும் புற்றுநோயை உண்டாக்க வல்லது. பழைய வீட்டுக் கதவு, யன்னல்களின் தீந்தையிலும் ஓர் ஆபத்து மறைந்திருக்கலாம். தீந்தையில் ஈயத்தின் அளவுக்கு இலங்கை 2011ஆம் ஆண்டிலேயே சட்டப்படி வரம்பு விதித்தது. அதற்கு முந்திய பூச்சில் ஈயம் மிகுந்திருக்கக்கூடும். அதை மண்தாளால் உலரத் தேய்த்தால் எழும் தூசி, தவழும் குழந்தையின் மூளை வளர்ச்சியையே பாதிக்கும். அத்தகைய மரத்தை நனைத்துத் தேய்த்து, கழிவை ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். அல்லது பழைய பூச்சு உறுதியாக இருப்பின் அதன்மேலேயே புதுப் பூச்சைப் பூசிவிடுங்கள்.

தொழிலாளரும் குடும்பமும்

இவ்வாறு பிரித்துப் பார்க்கும்போது, தொழில் தெரிந்தவரை அழைக்கவேண்டிய இடம் தெளிவாகிறது. அழைத்தவரைக் கூலிக்காரர் என்று ஒதுக்கி நிறுத்தாது, அருகில் நின்று பாருங்கள். கலவையின் பதத்தை அகப்பையின் நுனியில் அவர் எவ்வாறு அறிகிறார், தூக்குக்குண்டை எங்கே பிடிக்கிறார் என்பதைக் கவனியுங்கள். ஐயம் தோன்றினால் மரியாதையுடன் கேளுங்கள். பெரும்பாலான மேசன்மார் தம் தொழிலைப்பற்றிக் கேட்பவரிடம் மனமுவந்தே சொல்வர். சுரண்டுதல், துப்புரவு செய்தல், பொருள் சுமத்தல் ஆகியவற்றை வீட்டார் முன்னரே செய்து வைத்தால், அவருடைய திறமை திறமைக்குரிய வேலையிற் செலவாகும். பேசிய கூலியை வேலை முடிந்த அன்றே கொடுத்துவிடுதல், அடுத்த மாரியில் அவர் நம் வாசலுக்கு முதலில் வருவதற்கு வழிசெய்யும்.

இனி ஒரு வார்த்தை பெற்றோருக்கு. வீட்டு வேலையில் மகனுக்குச் சுத்தியலையும் மகளுக்குத் துடைப்பத்தையும் கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். நாளை ஒரு விடுதியறையிலோ பிறநாட்டிலோ தனித்து வாழப்போகும் மகளுக்குக் குழாயின் வாசரை மாற்றத் தெரிந்திருப்பது சீதனத்திலும் உதவும். மகனும் நிலம் துடைக்கப் பழகட்டும். அப்பாவும் அம்மாவும் பிள்ளைகளும் சேர்ந்து பூசிய சுவரில் ஒரு மூலை சற்றுத் திட்டாக இருந்தால் இருக்கட்டும். தாம் பூசிய சுவரில் பந்தை எறியப் பிள்ளைகள் இருமுறை யோசிப்பர்.

வெளிநாட்டிலிருந்து வந்து பூட்டிய வீட்டைத் திறப்போருக்கும் இதே முறைதான். ஆள் இல்லாத வீட்டில் ஓடு நகர்ந்தால் அதைப் பார்க்க ஒரு கண்ணும் இல்லை. புதுத் தளபாடத்துக்குப் பணம் அனுப்புமுன், ஆண்டுக்கு இருமுறை கூரையையும் பீலியையும் கறையானையும் பார்த்துச் சொல்ல நம்பிக்கையான உறவினர் ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள்.

ஆகவே, நேயர்களே, இந்த ஞாயிற்றுக்கிழமை சுத்தியலை எடுக்கவேண்டாம். ஒரு கொப்பியையும் பென்சிலையும் எடுத்துக்கொண்டு, பிள்ளைகளுடன் வீட்டை வெளியே ஒருமுறையும் உள்ளே ஒருமுறையும் சுற்றி வாருங்கள். காணும் குறைகளை எழுதி, எதை நாமே செய்யலாம், எதற்கு ஆளை அழைக்கவேண்டும், எது மாரிக்கு முன் முடியவேண்டும் என மூன்றாகப் பிரியுங்கள். அவற்றுள் மிகச் சிறியதொன்றை அடுத்த கிழமை செய்து முடியுங்கள். முடித்த பின்னரே இரண்டாவதைத் தொடுங்கள். இம்முறையிற் சென்றால், மாரியின் முதல் மழை ஓட்டில் விழும் இரவில், வாளியைத் தேடி எழவேண்டிய தேவையின்றி உங்கள் குடும்பம் அமைதியாக உறங்கும்.